அறுபதுகளோட கடைசியில டிவி: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

நான் பழைய வீடியோ கேசட்டுகளை கம்ப்யூட்டர்ல ஏத்தி பென்டிரைவ்ல போட்டுக் கொடுக்குற வேலை பண்றவன். கல்யாணம், சீமந்தம், காது குத்து, ஸ்கூல் ஆண்டு விழான்னு எல்லாம் வரும். டேப் மேல வந்த பிரியத்துல, டிவி எப்படி வளர்ந்துச்சு, பழசெல்லாம் எங்க போச்சுன்னு தேடித் தேடிப் படிக்கிறது பழக்கமாயிடுச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காலம் 1966லேர்ந்து 1969 வரைக்கும். இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

டிவி அதுக்கு முன்னாடியே இருந்துச்சே, இந்த நாலு வருஷத்துக்கு மட்டும் என்ன அவ்ளோ விசேஷம்?

இருந்துச்சு, ஆனா அந்தந்த ஊர் டிவி அந்தந்த ஊருக்குள்ளயே இருந்துச்சு. அமெரிக்காவுல நடக்குறதை லண்டன்ல காட்டணும்னா ஃபிலிம்ல எடுத்து ப்ளேன்ல ஏத்தி அனுப்பணும், போய்ச் சேரும்போது அது நேத்து நியூஸ். 1962ல டெல்ஸ்டார்னு ஒரு சேட்டிலைட் விட்டாங்க, கடல் தாண்டி லைவா படம் போச்சுதான், ஆனா அது பூமியை வேகமா சுத்திக்கிட்டே இருக்குற ரகம், ஒவ்வொரு தடவையும் சுமார் இருபது நிமிஷம்தான் ரெண்டு கரைக்கும் சேர்ந்தாப்ல கிடைக்கும், அப்புறம் மறைஞ்சிடும். 1965 ஏப்ரல்ல ஏர்லி பேர்ட்ங்கிற சேட்டிலைட் மேல போனப்புறம்தான் நிலைமை மாறிச்சு. அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல, பூமி சுத்துற வேகத்துக்கே சுத்துறதால கீழேர்ந்து பாத்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அதால தாங்க முடிஞ்சது 240 ஃபோன் லைன், இல்லேன்னா ஒரே ஒரு டிவி சேனல். ஆமா, ஒண்ணுதான். டிவி ஓடணும்னா அந்த ஃபோன் லைன் எல்லாத்தையும் நிறுத்தி வெக்கணும், அப்படின்னா அந்தக் காலத்துல ஒரு லைவ் படத்தோட மதிப்பு என்னன்னு யோசிச்சுக்கங்க.

இந்த மாதிரி சேட்டிலைட் அட்லாண்டிக் மேல ஒண்ணு, பசிபிக் மேல ஒண்ணுன்னு வந்து, 1969 ஜூலை ஆரம்பத்துல இந்தியப் பெருங்கடல் மேலயும் ஒண்ணு வேலைக்கு வந்ததும் பூமியைச் சுத்தி வளையம் முழுசாச்சு. அதே மாசம்தான் மனுஷன் நிலாவுல கால் வெச்சான்.

உலகம் முழுக்க ஒரே நேரத்துல பாத்த முதல் ப்ரோக்ராம் எது?

1967 ஜூன் 25, 'அவர் வேர்ல்ட்', அதாவது 'நம்ம உலகம்'. பிபிசியில ஆப்ரி சிங்கர்ங்கிறவர் கிளப்பின யோசனை. 14 நாடுகள்லேர்ந்து காட்சிகள் வந்துச்சு, 24 நாடுகள்ல ஓடுச்சு, ரெண்டரை மணி நேரம், பாத்தவங்க 40 கோடியிலேர்ந்து 70 கோடி வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க. ரெண்டு கட்டுப்பாடு போட்டாங்க, அது ரெண்டும்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அரசியல்வாதி, நாட்டுத் தலைவர் யாரும் வரக்கூடாது, காட்டுறது எல்லாமே அந்த நிமிஷம் நடக்குறதா இருக்கணும்.

ஆரம்பத்துலயே அப்பத்தான் பொறந்த குழந்தைகளைக் காட்டுனாங்க, ஜப்பான்ல ஒண்ணு, டென்மார்க்ல ஒண்ணு, மெக்சிகோவுல ஒண்ணு, கனடாவுல ஒண்ணு. ஆஸ்திரேலியா முறை வந்தப்போ அங்க விடியக்காலை, மெல்போர்ன்ல டிராம் வண்டிங்க ஷெட்டை விட்டு ஒண்ணொண்ணா கிளம்புறதைக் காட்டுனாங்க. அவ்ளோதான், டிராம் கிளம்புது. ஆனா லண்டன்ல ராத்திரி உக்காந்திருக்குறவன் உலகத்தோட அந்தக் கோடியில பொழுது விடியுறதைப் பாக்குறான், அதுக்கு முன்னாடி எந்தத் தலைமுறைக்கும் கிடைக்காத காட்சி அது.

சோவியத் யூனியனும் அதோட சேர்ந்த சில நாடுகளும் கடைசி வாரத்துல விலகிட்டாங்க, அந்த மாசம் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த ஆறு நாள் போர்ல மேற்கு நாடுகள் இஸ்ரேல் பக்கம் நின்னதை எதிர்த்து. கடைசி நேரத்துல அத்தனை திட்டத்தையும் மாத்தி அடுக்குன அந்த டெக்னீஷியன்களை நினைச்சா மலைப்பா இருக்கு.

பீட்டில்ஸ் அதுல நிஜமாவே லைவா பாடினாங்களா?

பாதிப் பாதி. பிரிட்டன் சார்புல அந்தப் பாட்டுக் குழுதான் வந்துச்சு, லண்டன்ல இ.எம்.ஐ. ஸ்டுடியோவுலேர்ந்து 'ஆல் யூ நீட் இஸ் லவ்'ங்கிற பாட்டு. பின்னணி ட்ராக் ஒண்ணை முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாங்க, அதை ஓட விட்டு அதுக்கு மேல குரல், பேஸ், ட்ரம்ஸ், கிடார் சோலோ, ஆர்கெஸ்ட்ரா எல்லாம் லைவ். இன்னொண்ணு, இன்னிக்கு நீங்க பாக்குற கலர் வீடியோ அன்னிக்கு யாரும் பாத்தது இல்ல. ஒளிபரப்பு கருப்பு வெள்ளை, கலர் பின்னாடி 1990கள்ல சேர்த்தது.

நிலாவுல கால் வெச்சதைக் காட்டுற கேமராவை யார் பிடிச்சிருந்தா? ஆம்ஸ்ட்ராங்தானே முதல்ல இறங்குனாரு?

இதைக் கேக்காத ஆளே இல்ல. பதில் ரொம்ப எளிமை: யாரும் பிடிக்கல. இறங்குற கலத்தோட காலுக்குப் பக்கத்துல மடக்குற பலகை மாதிரி ஒரு தட்டு, அதுல கேமராவை முன்னாடியே பொருத்தி வெச்சிருந்தாங்க. ஆம்ஸ்ட்ராங் ஏணியோட மேல் படிக்கு வந்ததும் ஒரு வளையத்தைப் பிடிச்சு இழுத்தாரு, தட்டு கீழ விரிஞ்சுது, கேமரா ஏணியைப் பாத்தாப்ல வந்து நின்னுச்சு, உள்ள இருந்த ஆல்ட்ரின் கரன்ட் கொடுத்தாரு. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி செஞ்ச கேமரா, எடை மூணு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், குடிக்கிற கரன்ட் ஏழு வாட்டுக்குள்ள, நம்ம வீட்டு நைட் லேம்ப் அளவு.

அதோட மேல்பக்கம்தான் தட்டையா இருந்துச்சு, தட்டுல வெச்சுப் பிடிக்க அதுதான் வசதி, அதனால கேமராவைத் தலைகீழாத்தான் பொருத்துனாங்க. பூமியில சிக்னல் வாங்குற ஸ்டேஷன்ல படத்தைத் திருப்ப ஒரு சுவிட்ச். முதல் சில விநாடி அந்த சுவிட்சைப் போடாம இருந்ததால ஹூஸ்டன்ல இருக்குற நாசா கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த முதல் படம் தலைகீழா வந்துச்சு. ஒளிபரப்புப் பதிவுல இன்னிக்கும் அந்த இடத்தைப் பாக்கலாம், மேல இருட்டா கீழ வெளிச்சமா ஒண்ணும் புரியாது, டக்குனு திரும்பும், ஏணி தெரியும், அதுல ஒரு கால்.

படம் ஏன் அவ்ளோ மங்கலா பேய் மாதிரி இருக்கு?

நிலாவுல எடுத்த படம் மங்கல் இல்லைங்க, நமக்கு வந்து சேர்ந்த படம்தான் மங்கல். இதை நான் எப்பவும் அழுத்திச் சொல்வேன்.

நிலாவுலேர்ந்து அனுப்புற சிக்னல்ல இடம் ரொம்பக் கம்மி. விண்வெளி வீரர் பேச்சு, இதயத் துடிப்பு, கலத்தோட அளவுகள் எல்லாம் அதே வழியிலதான் வரணும். அதனால சாதாரண டிவியில விநாடிக்கு 30 ஃப்ரேம், 525 கோடுன்னா, இதுல விநாடிக்கு 10 ஃப்ரேம், 320 கோடு. இந்த மாதிரி படத்தை வீட்டு டிவியில ஓட்ட முடியாது. மாத்துறதுக்கு அவங்க பண்ண ஏற்பாடு, கேட்டா ஆச்சரியமா இருக்கும்: வந்த படத்தை ஒரு சின்ன திரையில ஓட விட்டு, அந்தத் திரைக்கு எதிர்ல ஒரு சாதாரண டிவி கேமராவை வெச்சு எடுத்தாங்க! விட்டுப்போன ஃப்ரேம்களை ஒரு காந்தத் தட்டுலேர்ந்து திரும்பத் திரும்பப் போட்டு நிரப்புனாங்க. தியேட்டர்ல படத்தை ஃபோன்ல எடுத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி கான்ட்ராஸ்ட் போயிடுச்சு, நகர்ற ஆளுங்க பின்னாடி நிழல் இழுக்குது. ஸ்டேஷன்ல நேரா அந்தத் திரையைப் பாத்த சில பேருக்கு மட்டும்தான் அசல் தெளிவு கிடைச்சுது.

சிக்னலை அப்போ கலிஃபோர்னியாவுல கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவுல ஹனிசக்கிள் க்ரீக், பார்க்ஸ்னு மூணு இடத்துல வாங்குனாங்க. கோல்ட்ஸ்டோன் படம் ரொம்ப இருட்டடிச்சுது, அதனால ஆம்ஸ்ட்ராங் கால் வெக்கிற நேரத்துக்கு ஹூஸ்டன் ஹனிசக்கிள் க்ரீக்குக்கு மாறிட்டாங்க. கான்பெரா பக்கத்துல 26 மீட்டர் டிஷ், உலகம் பாத்த முதல் அடி அது வழியா வந்ததுதான். எட்டொம்பது நிமிஷம் கழிச்சு பார்க்ஸுக்கு மாத்துனாங்க, அது 64 மீட்டர் டிஷ். அன்னிக்கு அங்க 110 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்து ரெண்டு தடவை வந்து அடிச்சுது, பாதுகாப்புக் கணக்குப்படி டிஷ்ஷை நிறுத்தியிருக்கணும், ஆனா சாய்ச்ச நிலையிலயே வெச்சுப் பிடிச்சாங்க. மீதி ரெண்டு மணி நேரத்துக்கு மேல நாம பாக்குற படம் அவங்க பிடிவாதத்தால வந்தது.

அன்னிக்கு நம்ம ஊர்ல யாராவது டிவியில பாத்தாங்களா?

இல்ல. நம்ம நேரப்படி 1969 ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8:26. ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் கிளம்புற நேரம். உலகத்துல சுமார் 60 கோடி பேர் பாத்தாங்கன்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்களுக்கு ரேடியோவும் அடுத்த நாள் பேப்பரும்தான். அப்போ இந்தியாவுல டிவி ஸ்டேஷன்னா டெல்லி ஒண்ணுதான், 1959ல சோதனையா ஆரம்பிச்சு 1965லதான் தினசரி ஆச்சு. பம்பாய்க்கு 1972ல வந்துச்சு, மெட்ராசுக்கு 1975 ஆகஸ்ட் 15.

ஆனா அதே காலத்துல இங்கயும் ஒரு பெரிய விஷயம் நடந்துச்சு, அதை யாரும் கண்டுக்கிறதே இல்லைங்கிறது எனக்கு வருத்தம். 1967 ஜனவரி 26ல டெல்லியில 'கிரிஷி தர்ஷன்' ஆரம்பிச்சுது, டெல்லியைச் சுத்தி 80 கிராமத்துல பொது இடத்துல டிவி வெச்சு, விவசாயிங்க கூட்டமா உக்காந்து விதை, உரம், பூச்சி மருந்து பத்திப் பாத்தாங்க. இதுக்குப் பின்னாடி விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இருந்தாரு. மத்த நாடெல்லாம் டிவியை முதல்ல பெரிய நகரத்துல வெச்சு அப்புறம் கிராமத்துக்குக் கொண்டு போனப்போ, இந்த மனுஷன் சேட்டிலைட் வழியா நேரா கிராமத்துக்கே போகலாம்னு யோசிச்சாரு. 1969 செப்டம்பர்ல நாசாவோட ஒப்பந்தம் போட்டாங்க, அதுதான் 1975-76ல ஆறு மாநிலத்துல சுமார் 2,400 கிராமத்துல சேட்டிலைட் டிவியா வந்துச்சு. அதைப் பாக்க அவர் உயிரோட இல்ல, 1971லயே போயிட்டாரு.

நிலா ஒளிபரப்போட ஒரிஜினல் டேப் தொலைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, அப்போ அதெல்லாம் பொய்தானா?

தொலைஞ்சது உண்மை, அதனால போனதே பொய்ங்கிறது தப்பு. டேப் தொலைஞ்சதுக்குக் காரணம் சதி இல்ல, டேப் தட்டுப்பாடு.

ஸ்டேஷன்கள்ல வந்த அசல் சிக்னலை, அதாவது அந்த மங்கலாகாத படத்தை, ஒரு இன்ச் டெலிமெட்ரி டேப்ல, அதாவது கலத்துலேர்ந்து வர்ற அளவுகளைப் பதியுற டேப்ல, பதிவு பண்ணாங்க. ஹூஸ்டனுக்குப் படம் போற வழியில ஏதாவது கோளாறு வந்தா உதவும்னுதான் அந்தப் பதிவு, லைவ் நல்லபடியா போனதும் அதுக்கு வேலை இல்லாம போச்சு. பின்னாடி நாசாவுக்கு சேட்டிலைட் தகவல் பதிய டேப் பத்தாமப் போனப்போ பழைய டேப் பெட்டிகளை வாங்கி அழிச்சுத் திரும்பப் பயன்படுத்துனாங்க. தேடித் தேடிப் பாத்துட்டு 2009ல நாசாவே சொல்லிடுச்சு, இந்தப் படம் இருந்த 45 டேப்பும் அதோட போயிருக்கணும்னு. இப்போ நாம பாக்குறது டிவி நிலையங்கள்கிட்ட இருந்த ஒளிபரப்புப் பிரதிகளைச் சுத்தம் பண்ணிச் சேர்த்தது.

பிபிசியோட நிலா ராத்திரி ஒளிபரப்பும் அப்படித்தான். பிரிட்டன்ல ராத்திரி முழுக்க டிவி ஓடினது அதுதான் முதல் தடவை, அதோட பெரும்பகுதி டேப் இன்னிக்கு இல்ல.

அடுத்த தடவை கலர் கேமரா எடுத்துட்டுப் போனாங்களாமே?

அப்பல்லோ 12, 1969 நவம்பர். கலர் கேமராதான். விண்வெளி வீரர் ஆலன் பீன் அதை வேற இடத்துக்கு மாத்தி வெக்கிறப்போ லென்ஸ் சூரியனைப் பாத்துடுச்சு, காத்து மண்டலம் இல்லாத இடத்து சூரியன், கேமராக்குள்ள இருந்த ட்யூப் பொசுங்கிப் போச்சு. திரையில மேல ஒரு வெள்ளைத் திட்டு, கீழ கருப்பு, அவ்ளோதான். மீதி நேரம் முழுக்க டிவிக்காரங்களுக்குக் குரல் மட்டும்தான் கிடைச்சுது.

வியட்நாம் போரை 'டிவியில நடந்த முதல் போர்'னு சொல்றது சரியா?

சரிதான், ஆனா லைவ்னு நினைச்சுக்காதீங்க. எடுத்தது 16 மில்லிமீட்டர் ஃபிலிம், ப்ளேன்ல போகும், கழுவி வெட்டி ஒட்டி ஓட்ட ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். ரொம்ப முக்கியம்னா டோக்கியோ வரைக்கும் ப்ளேன், அங்கேர்ந்து சேட்டிலைட். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி சைகோன் தெருவுல ஒரு கைதியை போலீஸ் தலைமை அதிகாரி தலையில சுட்டுக் கொன்னதை என்.பி.சி.ங்கிற அமெரிக்க டிவி நெட்வொர்க்குக்காக வோ சூங்கிற வியட்நாமியக் கேமராமேன் எடுத்தாரு, அதே நேரம் எடி ஆடம்ஸ் எடுத்த ஃபோட்டோதான் எல்லாரும் பாத்தது. ஃபோட்டோ பேர் வாங்கிடுச்சு, வோ சூ பேர் நிறைய பேருக்குத் தெரியாது. அதனாலதான் இங்க பேர் சொல்றேன்.

அதே மாசம் 27ஆம் தேதி இன்னொரு அமெரிக்க நெட்வொர்க்கான சி.பி.எஸ்.ல செய்தி வாசிக்கிற வால்டர் க்ரான்கைட் பேசினது ஒரு திருப்பம். நம்ம ஊர்ல ஒரு காலத்துல ரேடியோவுல செய்தி வாசிக்கிறவர் குரலை வீடே நம்புமே, அவருக்கு அமெரிக்காவுல அந்த மாதிரி இடம். போர் நடக்குற ஊருக்கே போய்ப் பாத்துட்டு வந்து, இது என் சொந்தக் கருத்துன்னு தெளிவாச் சொல்லிட்டு, இந்தப் போர் யாரும் ஜெயிக்க முடியாம இழுத்துக்கிட்டு நிக்குது, பேச்சுவார்த்தைதான் வழின்னு சொன்னாரு. அதைப் பாத்துட்டு ஜனாதிபதி ஜான்சன் 'க்ரான்கைட்டே போயிட்டா நாடே என் கையை விட்டுப் போயிடுச்சு'ங்கிற அர்த்தத்துல ஏதோ சொன்னதா ஒரு கதை சுத்துது. ஆனா அந்த நேரம் ஜான்சன் டெக்சாஸ்ல கவர்னரோட பிறந்தநாள் விழாவுல இருந்தாரு, டிவி முன்னாடி இல்ல. நடந்தது நிச்சயம் எதுன்னா, மார்ச் 31 ராத்திரி அதே டிவியில வந்து மறுபடி தேர்தல்ல நிக்கமாட்டேன்னு ஜான்சன் சொன்னாரு.

கம்யூனிஸ்ட் நாடுகள்ல டிவி எப்படி? அங்க ஒண்ணும் நடக்கலையா?

நடந்துச்சு. 1968 ஆகஸ்ட் 21 விடியக்காலை சோவியத் டாங்கிகள் ப்ராக் நகரத்துக்குள்ள வந்தப்போ, செக்கோஸ்லோவாகியா டிவியில கமிலா மோவுச்கோவாங்கிற அம்மா அந்தச் செய்தியை வாசிச்சாங்க, சிப்பாய்ங்க துப்பாக்கியோட ஸ்டுடியோவுக்குள்ள வந்து நிறுத்துற வரைக்கும். அதோட நிக்கல, டிவிக்காரங்க இடம் மாறி மாறி ஒளிஞ்சிருந்தே ஒளிபரப்பு பண்ணாங்க. அப்புறம் மோவுச்கோவாவோட வேலை போச்சு. டிவி வரலாறுன்னாலே நிலாவும் பீட்டில்ஸும்னு பேசுறோம், என் மனசுல அவங்களுக்கு அதுக்கும் மேல ஒரு இடம்.

'ஹெய்டி மேட்ச்'னா என்ன?

1968 நவம்பர் 17. அமெரிக்கன் ஃபுட்பால், நியூயார்க் ஜெட்ஸும் ஓக்லண்ட் ரெய்டர்ஸும். ஏழு மணிக்கு என்.பி.சி.யில 'ஹெய்டி'ன்னு குழந்தைகள் படம் போடணும், விளம்பரக்காரருக்கு வாக்கு கொடுத்தாச்சு. ஏழு மணிக்கு மேட்ச்ல இன்னும் 65 விநாடி பாக்கி, ஜெட்ஸ் 32-29னு முன்னாடி இருந்தாங்க. நாட்டோட பெரும்பகுதிக்கு மேட்ச் கட், ஆல்ப்ஸ் மலை வந்துடுச்சு. அப்புறம் ஒன்பதே விநாடி இடைவெளியில ரெய்டர்ஸ் ரெண்டு டச் டவுன் (நம்ம ஃபுட்பால்ல கோல் மாதிரி) போட்டு 43-32ன்னு ஜெயிச்சுட்டாங்க, யாருமே பாக்கல.

இதுல உள்ள நடந்ததுதான் விஷயம். மேட்சை நிறுத்தாதீங்கன்னு சொல்ல என்.பி.சி. பெரிய அதிகாரிகளே கன்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் போட்டிருக்காங்க, லைனே கிடைக்கல. ஏன்னா ஜனங்க ஏற்கனவே ஃபோன் பண்ணித் தள்ளிட்டாங்க, மேட்சை நிறுத்தாதேன்னு ஒரு கூட்டம், படம் நேரத்துக்கு வருமான்னு இன்னொரு கூட்டம், எக்ஸ்சேஞ்ச் ஃப்யூசே போயிடுச்சு. கடைசியில ஸ்கோரை எழுத்தா கீழ ஓட விட்டாங்க, அதுவும் எந்த நேரத்துல, படத்துல நடக்க முடியாத பொண்ணு எழுந்து முதல் அடி வெக்கிற கட்டத்துல. ரெண்டு கூட்டத்துக்கும் கோவம். அதுக்கப்புறம் அவங்க கன்ட்ரோல் ரூமுக்குன்னு தனி ஃபோன் வெச்சாங்க, அதுக்கு 'ஹெய்டி ஃபோன்'னே பேர். இன்னிக்கு மேட்ச் இழுத்துக்கிட்டுப் போனாலும் முடியுற வரைக்கும் காட்டுறாங்களே, அந்தப் பழக்கம் இதுலேர்ந்து வந்ததுதான்.

கலர் டிவி அப்போதான் வந்துச்சா?

அமெரிக்காவுல முன்னாடியே இருந்துச்சு, 1966லதான் மூணு பெரிய நெட்வொர்க்கும் ராத்திரி நிகழ்ச்சி முழுசையும் கலருக்கு மாத்துனாங்க. ஐரோப்பாவுல முதல்ல பிபிசி 2, 1967 ஜூலை 1, விம்பிள்டன் டென்னிஸ், அப்போ அந்தச் சேனலுக்குத் தலைமை டேவிட் அட்டன்பரோ. கலரைக் காட்ட என்ன விளையாட்டு தோதா இருக்கும்னு பாத்து 1969ல 'பாட் ப்ளாக்'னு ஸ்னூக்கர் ப்ரோக்ராம் போட்டாங்க, மேசை மேல கலர் கலரான பந்துகளைக் குச்சியால தட்டி ஆடுற ஆட்டம், கருப்பு வெள்ளையில எந்தப் பந்து எதுன்னே தெரியாத விளையாட்டு, கலர் வந்ததால பிழைச்சுக்கிச்சு.

மேற்கு ஜெர்மனியில 1967 ஆகஸ்ட் 25, பெர்லின்ல விழா. அமைச்சர் வில்லி பிராண்ட் பெரிய சிவப்பு பட்டனை அழுத்துனதும் நாடு கலருக்கு மாறணும். பட்டன் வெறும் பொம்மை, மாத்துறது உள்ள இருக்குற டெக்னீஷியன். அவர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு, பிராண்டோட விரல் பட்டனை முழுசா அழுத்துறதுக்கு முன்னாடியே திரை கலராயிடுச்சு. அந்தத் துண்டு பத்திரமா இருக்கு, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அந்த டெக்னீஷியன் மேல பாசம்தான் வருது. நமக்குக் கலர் 1982ல, ஆசிய விளையாட்டுப் போட்டியோட.

'ஸ்டார் ட்ரெக்'ல கறுப்பினப் பெண்ணும் வெள்ளைக்காரரும் முத்தம் கொடுத்தது டிவியில முதல் தடவையா?

அது விண்வெளிக் கதை சொல்ற அமெரிக்கத் தொடர். 1968 நவம்பர் 22, நிஷெல் நிக்கல்ஸ், வில்லியம் ஷாட்னர். 'முதல்'னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், அதுக்கு முன்னாடியும் வேற நாடுகள்ல, வேற நிகழ்ச்சிகள்ல உதாரணம் காட்டுறாங்க. அதைவிட நிக்கல்ஸ் அம்மா சொன்ன ஒரு விஷயம் முக்கியம். முதல் சீசன் முடிஞ்சு வேலையை விட்டுடலாம்னு இருந்தப்போ மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்திச்சாங்களாம், விடாதீங்க, எங்க பசங்க ராத்திரி தூங்காம முழிச்சிருந்து பாக்குற ப்ரோக்ராம் இதுன்னு அவர் கேட்டுக்கிட்டாராம். அதே 1968 செப்டம்பர்ல 'ஜூலியா' வந்துச்சு, டயான் கேரல் ஒரு நர்ஸா, போர்ல கணவனை இழந்த அம்மாவா நடிச்சாங்க, வேலைக்காரி வேஷம் இல்ல. அந்த வித்தியாசம் அன்னிக்குச் சின்னது இல்ல.

'செசமி ஸ்ட்ரீட்' இதுல எங்க வருது?

1969 நவம்பர் 10ல ஆரம்பிச்ச அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி அது. ஜோன் கான்ஸ் கூனிங்கிற அம்மாவோட யோசனை. குழந்தைங்க பீர் விளம்பரப் பாட்டை அப்படியே ஒப்பிக்குதுங்க, அப்போ அதே மாதிரி ஏ, பி, சி.யைச் சொல்லிக் கொடுத்தா என்னன்னு. வசதி இல்லாத வீட்டுக் குழந்தைங்க ஸ்கூல் சேரும்போதே பின்தங்கிடக் கூடாதுங்கிறது நோக்கம். விளம்பரதாரர் பேர் சொல்ற மாதிரியே கடைசியில 'இன்னிக்கு நிகழ்ச்சியை வழங்கியவை இந்த எழுத்து, இந்த எண்'ணு சொல்வாங்க. மிசிசிப்பி மாநிலத்துல கறுப்பின வெள்ளையினக் குழந்தைங்க ஒண்ணா விளையாடுறாங்கன்னு 1970ல கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க, எதிர்ப்பு வந்து திரும்பப் போட்டாங்க.

இதோட சேர்த்து 1969 மே 1ஐயும் சொல்லணும். பொது டிவிக்கான 2 கோடி டாலர் பணம் ஆபத்துல இருந்தப்போ குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துன ஃப்ரெட் ரோஜர்ஸ் அமெரிக்க செனட் குழு முன்னாடி போய் ஆறு நிமிஷம் பேசினாரு. குழந்தைங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்றதுன்னு தான் பாடுற பாட்டு வரிகளைப் பாடாம, சும்மா மெதுவாச் சொல்லிக் காட்டுனாரு. கடுகடுன்னு இருந்த தலைவர் ஜான் பாஸ்டோர், எனக்குப் புல்லரிக்குதுங்கன்னு சொல்லிட்டு உங்களுக்கு 2 கோடியும் கிடைச்சாச்சுன்னாரு. அந்தப் பதிவு பத்திரமா இருக்கு, தயவு செஞ்சு ஒரு தடவை பாருங்க.

இவ்ளோ முக்கியமானதையெல்லாம் ஏன் அழிச்சாங்க? அறிவு வேண்டாமா?

அறிவு இல்லாம இல்லைங்க. அப்போ டேப் ரெண்டு இன்ச் அகலம், ஒரு மணி நேர ரீல் பல நூறு டாலர், தூக்கினா கை வலிக்கும். வீட்டுல போட்டுப் பாக்குற மெஷின் கிடையாது, மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கங்களோட ஒப்பந்தத்துல கட்டுப்பாடு, கருப்பு வெள்ளைக்கு இனி யார் வருவாங்கன்னு நினைப்பு. ஒரு தடவை காட்டியாச்சு, டேப் காலி, அடுத்த ப்ரோக்ராம் பதியலாம். எங்கிட்ட ஒருத்தர் அப்பா அம்மா கல்யாண கேசட்னு கொண்டு வந்தாரு, போட்டா தாலி கட்டுற வரைக்கும் இருக்கு, அப்புறம் திடீர்னு கிரிக்கெட் மேட்ச். வீட்டுல யாரோ காலி கேசட்னு நினைச்சுப் பதிஞ்சிருக்காங்க. அந்த அம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. பிபிசியில நடந்ததும் இதேதான், அளவுதான் பெருசு.

1967 ஜனவரி 15ல நடந்த முதல் சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய இறுதி மேட்சை, ரெண்டு நெட்வொர்க் ஒரே நேரத்துல காட்டுனாங்க, ரெண்டுமே டேப்பை அழிச்சுட்டாங்க. பிபிசியோட 'டாக்டர் ஹூ'ங்கிற அறிவியல் கதைத் தொடர்ல 1966 அக்டோபர் 29ல கதாநாயகன் உருமாறி வேற நடிகர் ஆகுற எபிசோட், அந்தத் தொடர் இன்னிக்கு வரைக்கும் ஓடுறதுக்கே காரணம் அந்த யோசனைதான், அந்த எபிசோடே காணோம். உருமாறுற அந்தச் சில விநாடி மட்டும் இருக்கு, ஏன்னா 1973ல 'ப்ளூ பீட்டர்'ங்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில அந்தத் துண்டை எடுத்துப் போட்டிருந்தாங்க.

தொலைஞ்சது திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கா?

இருக்கு. வெளிநாட்டுக்கு விக்க 16 மில்லிமீட்டர் ஃபிலிமா மாத்தி அனுப்பியிருந்தாங்க, அதுல சிலது அங்கங்க தங்கிடுச்சு. நைஜீரியாவுல ஜோஸ்ங்கிற ஊர் டிவி ரிலே நிலையத்துலேர்ந்து 'டாக்டர் ஹூ'வோட ஒன்பது எபிசோட் கிடைச்சதா 2013ல அறிவிச்சாங்க, எல்லாம் 1967-68ல வந்தது. அதைவிட எனக்கு நெகிழ்ச்சியா இருக்குறது, காணாமப் போன அத்தனை எபிசோடோட சத்தமும் முழுசா இருக்கு. சின்னப் பசங்க டிவி ஸ்பீக்கர்கிட்ட மைக்கை வெச்சு டேப் ரெக்கார்டர்ல பிடிச்சு வெச்சிருக்காங்க. வீட்டுல உள்ளவங்களை சத்தம் போடாதீங்கன்னு கெஞ்சியிருப்பாங்க.

எங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் இருக்கு, என்ன பண்றது?

முதல்ல வெளிய எடுத்துப் பாருங்க, ஜன்னல் வழியா டேப் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, அதை எந்தக் காரணத்துக்கும் வி.சி.ஆர்.ல போடாதீங்க, டேப்பும் போகும் மெஷின் ஹெட்டும் போகும், முதல்ல சுத்தம் பண்ணணும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்துல புத்தகம் மாதிரி நிக்க வெச்சு அடுக்குங்க. முதுகுப் பக்கம் ஒரு சின்ன ப்ளாஸ்டிக் காது இருக்கும், அதை உடைச்சுட்டீங்கன்னா மேல எதுவும் பதிய முடியாது. வி.சி.ஆர். தயாரிக்கிறது 2016லேயே நின்னு போச்சு, இருக்குற மெஷின்களை வெச்சுத்தான் நாங்க ஓட்டிக்கிட்டு இருக்கோம், அதனால இந்தத் தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போதே இறக்கிடுங்க. லேபிள்ல எழுதினதை நம்பித் தூக்கிப் போடாதீங்க. 'சினிமா'ன்னு எழுதின கேசட்டோட கடைசி எட்டு நிமிஷத்துல ஒரு பாட்டி முறம் புடைக்கிறதை நான் பாத்திருக்கேன், அந்தக் குடும்பத்துல அந்தப் பாட்டியோட வேற படமே இல்ல.